முட்கம்பிக்குள்ள இருந்து வந்த கோச்

1931 பெப்ரவரியில் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ, பார்சிலோனாவை 12-1 என்று வென்றது. பார்சிலோனாவுக்கு லீக்கில் அதைவிட மோசமான தோல்வி இண்டைக்கு வரைக்கும் இல்லை. பில்பாவோவின் பயிற்றுநர் ஃப்ரெட் பென்ட்லண்ட் என்ற இங்கிலாந்துக்காரர். தலையில வட்டத்தொப்பி, வாயில சுருட்டு. பெரிய ஆட்டமொன்றில் வெண்டால் பெடியள் அந்தத் தொப்பியைப் பறிச்சு மிதிச்சுச் சப்பளிப்பினமாம்.

இந்த மனுசன் ஒரு காலத்தில் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். ஜெயபுரத்தில இருந்து அவரைப் பற்றி எழுதிறதுக்கு அதுதான் காரணம்.

1883இல் பிறந்த பென்ட்லண்ட் முன்கள வீரர். மிடில்ஸ்பரோ கழகத்துக்கு விளையாடியவர். 1909இல் இங்கிலாந்து அணிக்காக ஐந்து ஆட்டம். ஓய்வு பெற்றதும் 1914இல் ஜெர்மனியின் ஒலிம்பிக் அணியைப் பயிற்றுவிக்கப் போனார். சில மாதத்திலேயே முதலாம் உலகப் போர் தொடங்கியது. சம்பளம் குடுத்துக் கூப்பிட்ட நாடே அவரை எதிரி நாட்டு ஆள் எண்டு பிடிச்சு அடைச்சது.

இடம், பெர்லினுக்குப் பக்கத்தில் றூலேபன் குதிரைப் பந்தயத் திடல். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பொதுமக்கள் குதிரை லாயங்களில் படுத்தார்கள். இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல் அடித்த ஸ்டீவ் புளூமரும் அங்கேதான். அவரும் பெர்லினுக்குக் கோச்சாக வந்து மாட்டுப்பட்டவர்.

அடைபட்டவர்கள் தங்களுக்குள் ஒரு உதைபந்தாட்டச் சங்கம் அமைத்தார்கள். பென்ட்லண்ட் தலைவர். 1915இல் திடலின் ஒரு பகுதியில் விளையாட அனுமதி கிடைத்தது. லாயத்துக்கு ஒரு ரீம், முறையான லீக், போட்டி விபரத்தோட கையேடு, முகாமுக்கென்று ஒரு சஞ்சிகை. எல்லாம் கம்பிக்குள்ளதான்.

போர் முடிந்த பிறகு அவர் 1920 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியைப் பயிற்றுவித்தார். பிறகு ஸ்பெயின். பந்தைத் தூக்கி அடிச்சுப்போட்டுப் பின்னால ஓடுற ஆட்டத்தை விட்டு, குறும் பாஸ்களால் கட்டி விளையாடப் பழக்கினார். 1929இல் மட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று வென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயான ஒரு அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் தடவை. அந்த ஸ்பெயின் அணிக்கு உதவியவர்களில் பென்ட்லண்டும் ஒருவர். 1930, 1931 இரண்டு வருடமும் லீக் கிண்ணம் பில்பாவோவுக்கு. 1930இலிருந்து 1933 வரை தேசியக் கிண்ணமும் அவர்களுக்கே.

முகாம்தான் அவரைப் பெரிய கோச் ஆக்கினது எண்டு சொல்ல வரேல்லை. கம்பிவேலி ஒருத்தருக்கும் நல்லது செய்யிறேல்லை. அது அவரிடமிருந்து பறித்தது நாலு வருடத்துக்குக் கிட்ட.

ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ. நூறு வருடத்துக்கு மேல் போயும் றூலேபனில் ஆர் சங்கத் தலைவர், ஆர் ஆருக்கு விளையாடினது எண்டு நாங்கள் இஞ்ச இருந்து சொல்லுறம். அவை எழுதி வைச்சவை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எங்கட சனம் அடைபட்டுக் கிடந்தது. கூடாரத்துக்க பிள்ளையளைச் சேர்த்துப் படிப்பிச்ச அக்காமார், பந்து தேடி விளையாட வைச்ச அண்ணாமார் ஆர்? அவையின்ர பேர் எந்தக் கையேட்டில இருக்கு?

அவையில கனபேர் இப்பவும் எங்கட ஊர்களிலதான் இருக்கினம். போய்க் கேட்டு எழுதுங்கோ.