தாமத ஸ்டாட்டிக் பிணைப்பு

பிஎச்பி நிரல்மொழியில், மரபுரிமமாகப் பெற்ற ஸ்டாட்டிக் செயற்கூறு எந்த இனக்குழுவின் பெயரால் அழைக்கப்பட்டது என்பதை இயக்க நேரத்தில் அறிந்து செயல்படும் வசதி. 2009 ஜூன் 30 அன்று வெளியான 5.3 பதிப்பில் அறிமுகமானது.

பின்னணி: ஸ்டாட்டிக் செயற்கூறு, பொருள் எதையும் உருவாக்காமல் இனக்குழுவின் பெயராலேயே அழைக்கப்படும். அதனுள் ‘செல்ஃப்’ என்ற குறிச்சொல், செயற்கூறு எழுதப்பட்ட இனக்குழுவையே சுட்டும். ‘ஆவணம்’ என்ற அடிப்படை இனக்குழுவில் ‘உருவாக்கு’ என்ற செயற்கூறு ‘நியூ செல்ஃப்’ என எழுதப்பட்டிருந்தால், அதிலிருந்து தருவித்த ‘கட்டுரை’ வழியாக அழைத்தாலும் ‘ஆவணம்’ வகைப் பொருளே கிடைக்கும். இதனால் ஒரே நிரலைத் தருவித்த இனக்குழு ஒவ்வொன்றிலும் மீண்டும் எழுத நேர்ந்தது.

செயல்முறை: ‘செல்ஃப்’ இருந்த இடத்தில் ‘ஸ்டாட்டிக்’ என எழுதினால், அழைத்த இனக்குழுவான ‘கட்டுரை’யின் பொருள் உருவாகும். மொழியில் முன்பே ஒதுக்கப்பட்டிருந்த சொல்லுக்கே இப்பணி தரப்பட்டது. ‘பேரன்ட்’, ‘செல்ஃப்’ வழியான அழைப்புகள் அழைத்த இனக்குழுவின் அடையாளத்தை அடுத்த செயற்கூறுக்குக் கடத்தும். இனக்குழுவின் பெயரை நேரடியாக எழுதி அழைத்தால் அந்த அடையாளம் கடத்தப்படாது.

பயன்பாடு: லாராவெல் சட்டகத்தின் எலோக்வென்ட் போன்ற தரவுத்தள நூலகங்கள் இதைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. 2020இல் வெளியான 8.0 பதிப்பு முதல் ‘ஸ்டாட்டிக்’கைத் திருப்பியனுப்பும் வகையாகவும் அறிவிக்கலாம். தருவித்த இனக்குழுவின் ஆக்கி வேறு அளபுருக்களைக் கட்டாயமாகக் கேட்டால் ‘நியூ ஸ்டாட்டிக்’ பிழையில் முடியும் என்பதால், ஆக்கிகளை ஒத்திசைவாக வடிவமைப்பது இன்றியமையாதது.