நிழற்படத் திருத்தம்: ஒரு வரலாற்றுப் பார்வை

முகத்தின் மருவையும் வடுவையும் படத்தில் மறைக்கும் வழக்கம் கணினிக்கு நெடுநாள் முந்தியது. அதன் தொடக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிழற்படத் தகடுகள் நீல ஒளியை நன்கு உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. ஆதலின் முகத்தில் மெல்லிதாய்ச் சிவந்த ஒரு பருவும் படத்தில் கரும்புள்ளியாய் விழுந்தது. தகட்டின் பிழைக்கு மனிதர் முகம் பழி சுமந்தது எனலாம்.

அப்பிழையைக் கை திருத்திற்று. மியூனிக் நகரத்து பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல், திருத்தியதும் திருத்தாததுமாக ஒரே உருவின் இரு படங்களை 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார் என்பர். முகத்தின் கரும்புள்ளி நெகட்டிவில் தெளிந்த கண்ணாடியாய் நிற்கும். அவ்விடத்தைக் கூரிய பென்சிலால் நிரப்பினால் அச்சில் புள்ளி மறையும். பொறுமை வேண்டும் தொழில் அது. அன்றியும், இட்ட பென்சில் தடம் நெகட்டிவிலேயே தங்கும். ஓலையில் அடித்த எழுத்தின் கீறல் தங்குவதைப் போல.

தகடுகள் திருந்திய பின்னும் கை ஓயவில்லை. ஸ்டாலின் முகத்தில் இளமையில் கண்ட அம்மையின் தழும்புகள் உண்டு. சோவியத் நாட்டு வெளியீடுகள் அவற்றை மழுங்கடித்தே காட்டின. தழும்பை நீக்கப் பழகிய கைக்கு ஆளை நீக்குவதும் எளிதாயிற்று. 1937இல் மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் நின்ற இரகசியக் காவல்துறைத் தலைவர் யெசோவ் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்திய படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீரே உள்ளது. பழைய படி எஞ்சியதால்தான் இதனை நாம் அறிகிறோம்.

தாமஸ் நோல், ஜான் நோல் உடன்பிறந்தார் 1987இல் தொடங்கிய முயற்சி 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என வெளிவந்தது. அருகிலுள்ள தோலைப் பெயர்த்து வடுவின்மேல் ஒட்டும் கருவி அதில் முதலிலேயே இருந்தது. ஒட்டு சில வேளை காட்டிக்கொடுத்தது. 2002இல் வந்த கருவியோ நல்ல தோலின் இழையை எடுத்து, வடு இருந்த இடத்தின் நிறத்தோடும் ஒளியோடும் இசைத்துவிட்டது. திருத்தியதையே மூலத்தின்மேல் சேமித்துவிட்டால், திரும்பிப் பார்க்க நெகட்டிவும் இல்லை.

விளம்பரங்களில் மாதிரிப்பெண்களின் உடலை மெலிவித்தோ பருக்கவைத்தோ காட்டினால் ‘திருத்திய படம்’ எனக் குறிக்க வேண்டும் என்னும் விதி 2017 அக்டோபரில் பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. பருவையும் தழும்பையும் நீக்குவதற்கு அவ்விதி எக்குறிப்பும் கேட்கவில்லை.