இருமுறை ஞாயிறு கண்ட பயணம்

இரு வானூர்தி நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு மாறாதது என்றே பலரும் எண்ணுவர். நிலப்படத்தில் அஃது உண்மையே. ஆனால், அத்தொலைவைக் கடக்கும் வழியையும் காலத்தையும் போரும் எரிபொருளும் வகுத்த நாள்கள் உண்டு.

1938ஆம் ஆண்டில் சிட்னியில் புறப்பட்ட பயணி, பல துறைகளில் இறங்கி, சிங்கப்பூர் வழியாக ஏறத்தாழப் பத்து நாள்களில் இங்கிலாந்தை அடைந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று, இவ்வழியும் அடைபட்டது. ஆயினும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே அரசு மடல்கள் சென்றாக வேண்டும். எஞ்சியிருந்தது இந்தியப் பெருங்கடல் ஒன்றே.

1943ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்னும் நீர்விமானங்களைக் கொண்டு அக்கடலைக் கடக்கத் தொடங்கியது. பெர்த் நகரின் சுவான் ஆற்றில் எழும் விமானம், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியில் சென்று இறங்கும். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. ஆதலின் ஒரு பயணத்திற்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. பயணிகள் வானிலேயே இருமுறை கதிரவன் எழக் கண்டனர். அதனாலேயே இப்பயணத்திற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் நிலைத்தது.

பெயர் இனிமையானது, பயணம் அத்தகையதன்று. நெடுந்தொலைவுக்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் சுமையாயிற்று. எனவே மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் அஞ்சலுக்குமே இடம் இருந்தது. இருந்த இயந்திரங்கள் இரண்டு. புறப்பட்ட முதற்சில மணி நேரத்தில் அவற்றுள் ஒன்று பழுதுற்றால், எஞ்சிய ஒன்றால் அவ்வளவு பாரத்தையும் தாங்கிப் பறக்க இயலாது. பகைவர் கண்காணிக்கும் வான்பரப்பை இருளில் கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலிச் செய்தி அனுப்புவதற்கும் தடை. பண்டைக் கடலோடிகளைப் போன்றே விண்மீன்களைக் கொண்டு திசையறிந்தனர். விமானங்கள் ஐந்துக்கும் அல்டேர், வேகா, ரைஜெல், ஸ்பைகா, அன்டாரெஸ் என விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தமை எவ்வளவு பொருத்தம்!

1945 ஜூலை வரை 271 முறை இக்கடலைக் கடந்தனர். ஒரு விமானமேனும் ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. பயணங்களுள் மிக நீண்டது 32 மணி 9 நிமிடம் நீடித்தது. 2018 மார்ச்சில் அதே பெர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாப் பயணம் தொடங்கியபோது, ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரமே போதுமானதாயிற்று.

அந்த ஐந்து விமானங்களுள் ஒன்றைக்கூட இன்று காண இயலாது. அமெரிக்காவிடமிருந்து போர்க்கால உடன்பாட்டின்படி பெறப்பட்டவை அவை. போர் முடிந்தபின் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.