நெஃப் பெயர் பெற்ற கதை

எச்.ஐ.வி. வைரஸுக்கு மொத்தமே ஒன்பது மரபணுக்கள்தான். அவற்றில் ஒன்றை 1980களில் ஆளுக்கொரு பெயரில் அழைத்தார்கள். அது இருந்தால் வைரஸ் பெருகுவது மட்டுப்படுகிறது என்று அன்றைய சில சோதனைகள் காட்டின. அதனால் 1988இல் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, 'எதிர்மறைக் காரணி' என்ற பொருளில் அதற்கு 'நெஃப்' என்று பெயரிட்டார்கள். வைரஸுக்குள்ளேயே அதற்கொரு கடிவாளம் இருக்கிறது என்ற எண்ணம் எவ்வளவு ஆறுதலானது!

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி. வைரஸிலிருந்து நெஃபை நீக்கி, ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தது அமெரிக்காவில் ரொனால்ட் டெஸ்ரோசியர்ஸின் குழு. கடிவாளம் அவிழ்ந்த வைரஸ் தறிகெட்டு ஓடும் என்றல்லவா நினைப்போம்? அது தலையெடுக்கவே திணறியது. அது 1991. நான்கு ஆண்டுகள் கழித்து சிட்னியிலிருந்து இன்னொரு செய்தி. ஒரே கொடையாளரின் ரத்தத்தால் ஆறு பேருக்குத் தொற்றியிருந்த வைரஸில் நெஃப் சிதைந்திருந்தது. அவர்களுக்கு எய்ட்ஸ் வராமலே ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னாளில் சிலருக்கு எதிர்ப்பாற்றல் சரிந்தது உண்மை. ஆனாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது.

அப்படியென்றால் நெஃப் செய்யும் வேலைதான் என்ன?

நம் செல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறில் ஏந்தி வாசலில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் கொல்லி டி செல்கள் அதில் வைரஸின் துணுக்கைக் கண்டால் அந்தச் செல்லையே அழித்துவிடும். தொற்றிய செல்லில் நெஃப், எச்.எல்.ஏ.வின் ஏ, பி வகைகளின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது. அவை அங்கேயே சிதைகின்றன. வாசல் காலியானால் கொல்லி செல் கடந்து போய்விடும். நெஃப் உள்ள செல்கள் இப்படித் தப்பிப்பதை 1998இல் கேத்லீன் காலின்ஸும் டேவிட் பால்டிமோரும் காட்டினார்கள்.

என்னை அதிரவைத்தது இதற்கடுத்த நுணுக்கம். வாசல் முழுக்கக் காலியாக இருந்தால், 'இயற்கைக் கொல்லி' எனப்படும் என்.கே. செல்கள் சந்தேகப்பட்டுத் தாக்கும். ஆனால் எச்.எல்.ஏ.வின் இன்னொரு வகையான 'சி'யை நெஃப் தொடுவதில்லை. அதன் வாலில் ஓரிரு அமினோ அமிலங்கள் வேறு, அதனால் பிடி கிடைப்பதில்லை. அந்தச் 'சி' நிற்பது என்.கே. செல்களைச் சமாதானப்படுத்த உதவுகிறது.

2016இல் இந்தக் கதையும் திருத்தப்பட்டது. நோயாளிகளிடமிருந்து எடுத்த பல வைரஸ்களில், 'விபியு' என்ற இன்னொரு புரதம் 'சி'யையும் குறைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரஸையே பார்த்து வந்ததால், அது அத்தனை காலம் கண்ணில் படவில்லை.