பெட்டி இல்லாத வயலின்

என் முதல் மின்வயலினை 380 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் அப்போது முதலாண்டு. விடுதியில் சாதாரண வயலினை எடுத்தால் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான். ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கலாம் என்பதற்காகவே அதை வாங்கினேன். விடுமுறையில் அதைத் தூக்கிக்கொண்டு வயலின் சார் வீட்டுக்குப் போய், அவருடைய சின்ன ஸ்பீக்கரில் மாட்டி மோகன வர்ணம் வாசித்தேன். பல்லவி முடிவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னடா தம்பி, வயலின் கேட்கலாம்னு பார்த்தா கொசு கத்துது. கையில அழுத்தமே இல்லையே. வில்ல எப்படிப் பிடிக்கிற?"

அடுத்த இரண்டு வருடமும் வில்லைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். வில்லில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பொறியியல் படிப்பும் இந்தக் கருவியின் வரலாறும் தேவைப்பட்டன.

தந்தியை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி வில்லைப் போட்டுப் பாருங்கள். அறையின் மறுகோடிக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ரோசின் பூசிய வில் தந்தியைப் பிடித்து இழுக்கும், தந்தி நழுவும், மறுபடி பிடிக்கும். ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. இந்த அசைவை 1860களில் விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். தந்தி தருவது ரம்பப் பல் போன்ற முரட்டு அலை. அதை வாங்கி, சில அதிர்வுகளை வளர்த்து, சிலவற்றை அடக்கிக் காற்றில் விடுவது மரப்பெட்டி. ஸ்ப்ரூஸ் மரத்தில் முகப்பு, மேப்பிள் மரத்தில் முதுகு. வயலினின் விலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பெட்டியின் விலை. 2011இல் 'லேடி பிளன்ட்' என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் ஏலத்தில் 1 கோடியே 59 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது.

அந்த விலை காதுக்குக் கேட்கிறதா? 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஒரு விடுதி அறையில், 21 வயலின் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று பழையவை, மூன்று புதியவை. பெரும்பாலோர் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியது புதிய வயலின் ஒன்றை. ஆகக் குறைவாகப் பிடித்துப்போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஆக, பெட்டியின் விலை என்பது பழமை, அரிது, பெயர் எல்லாம் சேர்ந்த விலை.

மின்வயலின் இந்தப் பெட்டியைத்தான் தூக்கிப் போட்டது. 1930களில் நியூயார்க் ஜாஸ் கிளப்புகளில் டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே வயலின் கேட்காமல் போனது. ஸ்டஃப் ஸ்மித் போன்றவர்கள் வயலினை ஆம்பிளிஃபையரில் மாட்டினார்கள். ஆனால் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, ஸ்பீக்கரின் ஒலி திரும்ப வந்து பெட்டியை அதிரவைத்து ஊளையிட ஆரம்பிக்கும். ஆம்பிளிஃபையர் வந்த பிறகு பெட்டி ஒரு தொல்லை. கித்தாருக்கு மின்பிக்கப் செய்த ரிக்கன்பேக்கர் அதே பத்தாண்டில் எலும்புக்கூடு போன்ற வயலினைச் செய்தது. ஃபெண்டர் 1958இல் திடமான உடலுள்ள ஒன்றைக் கொண்டுவந்து, சீக்கிரமே நிறுத்தி, 1969இல் மறுபடி வெளியிட்டது.

இவை பெரிதாகப் போகாததற்குக் காரணம் காந்தம். காந்தப் பிக்கப்புக்கு இரும்புத் தந்தி வேண்டும். வயலின் உலகமோ குடல் தந்தியில் வளர்ந்தது. விடை எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1880இல் பாரிஸில் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் வருவதைக் கண்டார்கள். பீசோ விளைவு. நம் வீட்டு அடுப்பு லைட்டரைத் தட்டினால் பொறி வருவதும் இதனால்தான். 1960களில் கலிஃபோர்னியாவின் பார்கஸ்-பெர்ரி இந்த முறையை வயலினுக்குக் கொண்டுவந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் அதிர்வை நேராக மின்சாரமாக்கினால் தந்தி எதனால் ஆனது என்ற கேள்வியே இல்லை. பிரெஞ்சுக் கலைஞர் ஜான்-லுக் போன்ட்டி ராக் மேடைகளில் கித்தாருக்குச் சரிசமமாக நின்றது இந்தக் கருவியால்தான்.

பெட்டி போனதும் வடிவத்துக்கு இருந்த கட்டும் போயிற்று. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிய எல். சங்கர், 1980இல் இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட வயலினை அமெரிக்கக் கைவினைஞர் கென் பார்க்கரைக் கொண்டு செய்வித்தார். டபுள் பாஸின் அடியிலிருந்து வயலினின் உச்சிவரை ஒரே ஆள் வாசிக்கலாம். அதை மரப்பெட்டியில் செய்திருந்தால் பெட்டி என்ன அளவில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1997இல் யமஹா 'சைலன்ட் வயலின்' வெளியிட்டது. மேடையில் சத்தமாகக் கேட்பதற்காகப் பிறந்த கருவி, வீட்டில் யாருக்கும் கேட்காமல் வாசிப்பதற்கான கருவியாகத் திரும்பி வந்தது. அடுக்குமாடியில் வாழ்கிறவர்களின் வயலின். பிறகு சீனத் தொழிற்சாலைகளில் அதே தோற்றத்தில், பத்தில் ஒரு பங்கு விலையில் நகல்கள் வந்தன. என்னுடையது அதில் ஒன்று.

இறுதியாண்டில் ஒரு இரவு அதன் முதுகுப் பக்க மூடியைத் திறந்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரி, தீப்பெட்டியில் பாதி அளவு போர்டு. பீசோவிலிருந்து வரும் கம்பி முதலில் சந்திப்பது 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பீசோ தகட்டில் சேரும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். அதை வாங்கும் சுற்று ஏறக்குறைய எதையும் உறிஞ்சாமல் இருக்க வேண்டும். ரெசிஸ்டர் சின்னதாக இருந்தால் மெதுவாக அசையும் கீழ்ச் சுரங்களின் மின்னூட்டம் வடிந்துபோகும். வேகமான மேல் அதிர்வுகள் மட்டும் தப்பிக்கும். என் தகட்டின் மின்தேக்கம் சுமார் 1 நானோஃபாரட். 100 கிலோஓமோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். மேற்கத்திய சுருதியில் வயலினின் ஆகக் கீழ்த் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படை அதிர்வு எட்டில் ஒரு பங்காகத்தான் வெளியே வரும். சார் சொன்ன 'கொசு' துல்லியமான சொல். அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

அந்த இடத்தில் 10 மெகாஓம் ரெசிஸ்டரை வைத்துச் சூடுவைத்தேன். எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. போர்டில் இருந்த ஐசி அதைத் தாங்கக்கூடிய வகைதான். செலவு பத்து சென்கூட இல்லை. மந்திர ஸட்ஜத்தை இழுத்தபோது அறையில் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது.

இதை வைத்து 'மலிவும் விலையுயர்ந்ததும் ஒன்றுதான்' என்று எழுதிவிடலாம். அது பொய். ஃபியூஷன் குழுவில் வாசிக்கும் நண்பர் தன் ஒன்பதாயிரம் ரிங்கிட் மின்வயலினை ஒரு வாரம் என்னிடம் விட்டுப் போனார். அதன் விரற்பலகை கருங்காலி மரம். என்னுடையது கறுப்புச் சாயம் பூசிய மென்மரம். ஒரு வருடத்திலேயே தந்தி பள்ளம் பறித்துவிட்டது. கமகத்துக்காக விரல் வழுக்கும்போது அந்தப் பள்ளம் ஒவ்வொரு தடவையும் தட்டும். அவருடையதில் நான்கு தந்திகளும் சம பலத்தில் கேட்டன. என்னுடையதில் இரண்டாவது தந்தி மட்டும் எப்போதும் அமுங்கியே இருக்கும். எல்லாவற்றையும்விட, பிருடைகள். மேற்கத்திய இசையில் சுருதி நிலையானது. நம் இசையில் பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்ப ச-ப-ச-ப என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் மாற்றிச் சேர்க்க வேண்டும். பிருடை நழுவினால் எந்த எலெக்ட்ரானிக்ஸும் உதவாது.

எடை ஒன்றில் மட்டும் நமக்கு வசதி. மின்வயலின்கள் பெரும்பாலும் மரவயலினைவிடக் கனமானவை. தோளில் தாங்கும் மேற்கத்தியக் கலைஞருக்குக் கழுத்து வலிக்கும். நாம் தரையில் உட்கார்ந்து கருவியின் தலையைக் கணுக்காலில் சாய்க்கிறோம். பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வாங்கிய கருவிக்கு நாம் செய்த அந்த மாற்றம், இருநூறு வருடம் கழித்து இப்படி உதவுகிறது.

ஒரு விஷயம் ஒன்பதாயிரத்திலும் இல்லை. பெட்டி. நண்பரின் வயலினும் ஹெட்ஃபோனில் ரம்பப் பல்லைத்தான் தந்தது. அதை மரம் மாதிரி ஒலிக்கவைக்க அவர் தனியாக ஒரு எஃபெக்ட் கருவி வைத்திருந்தார்.

ஸ்ட்ராடிவாரி ஏன் அவ்வளவு விலை என்று கேட்டால் பதில் புராணமாகிவிடுகிறது. மின்வயலினில் ஒவ்வொரு ரிங்கிட்டும் எங்கே போனது என்று விரல் வைத்துக் காட்டலாம். காட்ட முடிந்தால் சிலதைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது எது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

போன வருடம் சார் கூப்பிட்டார். "ஒரு பிள்ள வந்திருக்கு. உன்னோட மாதிரியே ஒண்ணு கொண்டுவந்திருக்கு. வந்து தொறந்து பாரு." இரண்டாம் படிவம் படிக்கிற பெண். அம்மா கூட்டு கட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வயலினாம். ரெசிஸ்டரை மாற்ற இருபது நிமிடம் ஆனது. பிருடைகளுக்குச் சாக்பீஸ் தூள் தடவிப் பார்த்தேன். துளை வட்டமாகவே இல்லை. ஒரு கீர்த்தனை முழுதும் சுருதி நிற்காது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"பரவால்ல அண்ணா. நடுவுல நிறுத்திச் சேர்த்துக்கிறேன்."

வாசித்தாள். இரண்டு தடவை நிறுத்திச் சேர்த்தாள். சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.