பாரமும் வேகமும்: ஸ்போர்ட்ஸ் காரின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

நெல்மூடை ஏற்றும் வண்டி வேறு, சவாரி வண்டி வேறு என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சவாரிக்கென்று வண்டி செய்யும் தச்சர் மரத்தை இழைத்து இழைத்து மெல்லியதாக்குவார். மாடுகள் எத்துணை நல்லனவாயினும் வண்டி பாரித்தால் ஓட்டம் குன்றும். குருமண்வெளித் துறையில் ஓடும் மிதவைப் பாதையும் இதனையே நாள்தோறும் காட்டுகின்றது. வாகனங்கள் நிறைய ஏறிய பாதை மெல்லத்தான் கரையை விட்டு அகலும். அகன்றபின் மறுகரையில் அதனை நிறுத்துவதும் எளிதன்று. மோட்டார்க் காரின் வரலாற்றிலும், சிறப்பாக ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் காரின் வரலாற்றிலும், இந்தப் பாரத்தோடு மனிதன் நடத்திய போராட்டமே பெரும்பகுதி எனலாம்.

இவ்விடத்திற் சிறிது பெளதிகம் பேச வேண்டியிருக்கிறது, பெரியோர் பொறுத்தருள்க. எஞ்சின் கொடுக்கும் விசை ஒன்றாயிருக்க, திணிவு இருமடங்கானால் ஆர்முடுகல் பாதியாகும். இது நியூட்டன் வகுத்த விதி. ஓடும் காரை நிறுத்தும்போதும் அவ்வாறே. பாரமான காரின் இயக்கசக்தி முழுவதையும் பிறேக்குகளே வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும். வளைவுகளிலோ தொல்லை இன்னும் நுட்பமானது. பாரம் கூடக்கூட ரயர் தரையைப் பற்றும் வலிமையும் கூடுகிறது. ஆனால் பாரம் கூடிய அளவுக்கு அது கூடுவதில்லை. ஆகையால் நேர்வீதியிற் பெரிய எஞ்சினைக் கொண்டு பாரத்தை வெல்லலாம். வளைவிலே வெல்ல முடியாது. எனவே ஒரு காரின் தகுதியை அறிய அதன் பரிவலுவை மட்டும் கேட்டாற் போதாது. ஒரு தொன்னுக்கு எத்தனை பரிவலு என்று கேட்க வேண்டும்.

இதனை நன்குணர்ந்து தொழிலாக்கியவர் இங்கிலாந்தின் கொலின் சப்மன். எந்திரவியல் மாணவராக இருந்த இவர், பழைய ஒஸ்ரின் செவன் காரொன்றைப் பிரித்து 1948இல் தம் முதற் போட்டிக் காரைச் செய்தார். போருக்குப் பிந்திய அந்நாளில் இங்கிலாந்தில் இரும்புக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடு. பெரிய எஞ்சின் வாங்க வழியில்லாதவன் பாரத்தைக் குறைப்பதைத் தவிர வேறென் செய்வான்? அவருடைய லோட்டஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட 'செவன்' ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுடையது. கொள்வனவு வரியைத் தவிர்ப்பதற்காக அது பூட்டாத பாகங்களாகவும் விற்கப்பட்டது. வாங்கியவர் வீட்டிலே வைத்துப் பூட்டிக்கொண்டார். 1962இல் வந்த 'ஏலான்' உருக்கு முதுகெலும்பும் கண்ணாடி நார் உடலும் கொண்டது. ஏறத்தாழ 680 கிலோகிராம். எஞ்சினோ ஒன்றரை லீற்றரைச் சிறிது கடந்தது. நூறுக்குச் சற்று மேற்பட்ட பரிவலுதான். அந்தச் சிறு கார் தன்னிலும் வலிய கார்களை வளைவுப் பாதைகளில் நாணச் செய்தது.

ஆயினும் இலேசான பொருள் எல்லாம் நல்ல பொருள் அல்ல. 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் தேதி பிரான்சின் லெமான் பந்தயத்தில் மேர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று வேறொரு காரில் மோதிப் பார்வையாளர் நின்ற மேட்டின்மேற் பாய்ந்து சிதறியது. பாரத்தைக் குறைக்கும்பொருட்டு அதன் உடல் மகனீசியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டிருந்தது. அது கடுஞ்சுவாலையோடு எரிந்தது. சாரதி பியேர் லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். சப்மனின் கார்களும் பழி சுமந்தன. 1970இல் மொன்சாவில் யோகன் ரின்ட் என்னும் வீரர் லோட்டஸ் 72 காரில் உயிர்நீத்தார். முன்சில்லின் பிறேக் தண்டு முறிந்தமை விசாரணையிற் கூறப்பட்டது. ஓரத் தடுப்பு வேலியின் குறையும் கூறப்பட்டது. அவ்வாண்டின் உலக வாகைப் பட்டம் இறந்தபின்னரே அவருக்குக் கிடைத்தது. இலேசு என்பது வேறு, பலவீனம் என்பது வேறு என்ற பாடத்தை எந்திரவியலாளர் புத்தகத்திலன்றி இப்படியான இடங்களிலேதான் கற்றனர் என்பது வருந்தத்தக்கது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. கார்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைத் தோட்டத்து வளைவுப் பாதையில் நேரத்தோடு போட்டியிட்டு ஏறும். ஏற்றத்திலே பாரம் இருமடி எதிரி. முன்னே தள்ளவும் வேண்டும், மேலே தூக்கவும் வேண்டும். போர்க்காலத்திற் கடற்படை விமானங்களுக்காக அமைக்கப்பட்ட களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுதளத்திலும் பின்னாளில் ஓட்டப்போட்டிகள் நடந்தன.

சென்னையிலும் கதை இவ்வாறே. நகருக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை அதுவே தென்னிந்தியாவின் பெரும் பந்தயத் திடலாக விளங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய அந்நாளில் வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கும் வசதி சிலர்க்கே இருந்தது. மற்றையோர்க்குக் கிடைத்தவை அம்பாசிடரும் பியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுமே. இவை குடும்பத்தை ஏற்றிச் செல்லப் பிறந்தவை. பந்தயக்காரர் இருக்கைகளையும் கண்ணாடிகளையும் கழற்றி எறிந்தனர்; சிலர் உடலையே அகற்றிவிட்டுக் குழாய்ச் சட்டம் அமைத்து அதன்மேல் எஞ்சினைப் பூட்டினர். வறுமை கற்பித்த வித்தை இது. சப்மன் கற்ற பள்ளியும் அதுவேயன்றோ?

இவ்வித்தையை முறையான தொழிலாக உயர்த்தியவர் கோயம்புத்தூரின் ஆலைத்தொழிற் குடும்பமொன்றிற் பிறந்த எஸ். கரிவரதன். நூலாலைகளுக்கும் வார்ப்புச் சாலைகளுக்கும் பெயர்பெற்ற அந்நகரில் இரும்பைக் கையாளத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. 1952இலேயே ஜி. டி. நாயுடு அங்கு இரண்டு பேர் செல்லும் சிறு காரொன்றைச் செய்து காட்டியிருந்தார். அனுமதிப்பத்திரம் கிடையாமையால் அது தொழிலாக வளரவில்லை. கரிவரதன் தாமே சிறந்த பந்தய வீரர். 1983இன் இறுதியில் இந்திய வீதிகளுக்கு வந்த மாருதி 800 காரின் எஞ்சின் மூன்று உருளைகளும் 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. சந்தைக்குப் போய்வரப் போதுமான எஞ்சின் என்று எவரும் கூறுவர். அவரோ 1980களின் பிற்பகுதியில் அதனை ஒருவர் மட்டும் அமரும் இலேசான பந்தயக் காரின் முதுகிற் பூட்டினார். கூரையில்லை, கதவில்லை, சில்லுகள் நான்கும் வெளியே. 'போர்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்தக் கார்கள் இளைஞர் பலருக்கு எட்டும் விலையிற் பந்தயக் கல்வியைக் கொடுத்தன.

அப்படிக் கற்றவர்களுள் ஒருவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். சோழவரத்துக்குப் பின் 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த புதிய ஓடுதளத்திற் போர்முலா மாருதி ஓட்டத் தொடங்கிய இவர், 2005இல் ஜோர்டன் அணிக்காகப் போர்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் போட்டியில் நான்காமிடம் பெற்றார். அன்று ஆறு கார்களே ஓடின என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆனால் ஒரு பந்தயத்தின் முடிவைக் கொண்டா அவர் வந்த தூரத்தை அளப்பது? கரிவரதன் அதனைக் காணவில்லை. 1995இல் விமான விபத்தொன்றிற் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்து ஓடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேலைநாட்டுக் கார்களோ இதற்கிடையிற் கொழுக்கத் தொடங்கின. 1964இல் போர்ஷ 911 ஏறத்தாழ 1080 கிலோகிராம். அதே பெயருடைய இன்றைய கார் ஒன்றரைத் தொன். காரணம் வீண் ஆடம்பரம் மட்டுமன்று. மோதலைத் தாங்கும் சட்டம், காற்றுப்பை, புகை வடிகட்டி, குளிரூட்டி எல்லாம் சேர்ந்தன. பாரம் கூடியதும் பெரிய எஞ்சின். பெரிய எஞ்சினுக்குப் பெரிய குளிர்விப்பு. அதற்கேற்ற பிறேக், அகன்ற ரயர் என்று ஒன்றையொன்று தொடரும். 2005இல் வெளிவந்த புகாட்டி வேய்ரோன் இந்தச் சங்கிலியின் உச்சம்: பதினாறு உருளை, பத்து வெப்பந்தணிப்பிகள், 1001 பரிவலு, 1888 கிலோகிராம்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்னரே, தமிழர் பெருவாரியாக வாழும் தென்னாபிரிக்க டர்பன் நகரிற் பிறந்த கோர்டன் மரே 1992இல் மக்லாரன் எப் 1 காரை வகுத்திருந்தார். காபன் நார் உடல், நடுவிலே சாரதி ஆசனம், எஞ்சின் அறையிற் பொன்தகடு. பொன் அழகுக்கல்ல, வெப்பத்தைத் திருப்பி அனுப்புதற்கு. 1138 கிலோகிராம், 627 பரிவலு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மக்லாரனுக்குத் தொன்னுக்கு 551 பரிவலு, வேய்ரோனுக்கு 530. முந்நூற்றெழுபது பரிவலு அதிகமாகப் பெற்றும் பெரியவன் இந்தக் கணக்கிற் பின்னிற்கிறான். அந்த மரேயே, பழைய ஏலானின் திசைதிருப்பும் உணர்வைத் தம் காருக்குக் கொடுக்க முடியவில்லை என்று குறைபட்டதாகச் சொல்வர். ஏலானை முன்மாதிரியாகக் கொண்டு யப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 ஒரு தொன்னுக்கும் குறைவானது. அதி வேகமுடையதும் அன்று. 2016இற் பத்து இலட்சமாவது கார் செய்யப்பட்டது. வேகத்தைவிட அந்த இலகுவான கையடக்கமே மனத்தைக் கவர்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாரமெல்லாம் பகையென்று கூறுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்முலா 1 காரில் 2018இற் சாரதியின் தலைக்குமேல் டைட்டானிய வளையம் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு கிலோகிராம். அழகு கெட்டது, பாரம் கூடியது என்று பலர் முணுமுணுத்தனர். 2020இற் பஹ்ரெயினில் ரொமேன் குரோஷான் ஓட்டிய கார் இரும்பு வேலியைப் பிளந்து தீப்பற்றியபோது அந்த வளையமே அவர் தலையைக் காத்தது. அவர் தாமே எழுந்து நெருப்பிலிருந்து வெளியே வந்தார். அந்த ஏழு கிலோவைக் குறைக்க இன்று எவன் துணிவான்? அப்பந்தயக் கார்களின் மிகக் குறைந்த நிறை 2025இல் 800 கிலோகிராம். 2026ஆம் ஆண்டு விதிகள் அதனை 768 ஆக்கின. வளையம் மட்டும் கழற்றப்படவில்லை.

இன்றைய சிக்கல் மின்கலம். லோட்டஸ் 1996இல் வெளியிட்ட 'எலீஸ்' அலுமினியச் சட்டத்தால் ஏறத்தாழ 725 கிலோகிராமோடு நின்றது. அதனை அடியொற்றி அமெரிக்காவின் டெஸ்லா 2008இல் விற்ற மின்சார 'ரோட்ஸ்டர்' ஏறத்தாழ 1300 கிலோகிராம். மின்கலம் மட்டுமே சுமார் 450. குரோவேசிய நாட்டின் ரிமாக் நெவேரா இரண்டு தொன்னுக்கும் மேற்பட்டது. ஆயினும் 1914 பரிவலுவால் இரண்டு விநாடிக்குள் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது. நேர்வீதியிற் பாரம் தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். வளைவில் அதே பாரம் ரயரை இழுப்பதை எந்த மின்னோடியும் தடுத்ததில்லை. சப்மனின் நிறுவனமே 2022இல் ஏறத்தாழ இரண்டரைத் தொன் எடையுள்ள 'எலெட்ரே' என்னும் மின்சார வாகனத்தை அறிமுகம் செய்தது. நம் இலங்கையிலும் கொழும்பில் 'வேகா' என்னும் மின்சார விரைவுக் காரொன்றை உருவாக்கினார்கள். அதன் உடலுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் காபன் நார்.