அறளையும் அறிக்கையும்

கொழும்பு மாநகரின் இரண்டு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ளது. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். ஆயுள் முழுவதும் கணிதம் கற்பித்த அவர், கடைக்காரர் தந்த மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார். மற்றையது கொட்டாஞ்சேனையில், நெருக்கமான வரிசை வீடுகளுள் ஒன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுமையடைந்த தொழிலாளி ஒருவர் அங்கே இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். இருவருடைய மூளையையும் ஒரே வகை இயந்திரம் படம் பிடிக்கிறது. இருவர் கையிலும் ஒரே வகை உறை கொடுக்கப்படுகிறது. உறைக்குள் இருப்பது ஆங்கில அறிக்கை.

ஆசிரியர் ஆங்கிலம் அறிந்தவர். வீட்டார் உறங்கிய பின் உறையைத் திறந்து, மூளை சுருங்கியுள்ளது என்னும் வரியைத் தனிமையிலே படிக்கிறார். அதன் பொருளை விளக்க அருகில் எவருமில்லை. தொழிலாளியின் உறையை அவர் வீட்டில் எவரும் படிக்கவில்லை. மருத்துவர் மகனிடம் சிங்களத்தில் இரண்டு வாக்கியம் கூறினார். மகன் தாயிடம் "வயசுக் கோளாறாம்" என்றான். நோயாளியிடம் எவரும் எதுவும் கூறவில்லை. ஒருவருக்குச் சொல் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. மற்றவருக்குச் சொல்லே கிடைக்கவில்லை. இவ்விருவரும் கற்பனை மாந்தரே. ஆனால் அவர்களுடைய நிலைமை கற்பனையன்று. இந்நிலைமைக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் மக்கள் இந்நோயை அறியாதவர்களல்லர். "கிழவனுக்கு அறளை பேந்திட்டுது" என்பது யாழ்ப்பாணத்துத் தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் பேச்சு. முதுமையில் நினைவு கலைவதைக் குறிக்கும் இச்சொல்லில் பரிவும் உண்டு, எள்ளலும் உண்டு. ஆனால் அது நோயாளியைப் பற்றிப் பிறர் பேசும் சொல்லேயன்றி, நோயாளியிடம் பேசும் சொல்லன்று. அரசின் நோக்கோ இதனினும் கடுமையானது. 1873ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பட்ட சித்தசுவாதீனமற்றோர் பற்றிய சட்டம் அடைத்து வைக்கும் முறையை வகுத்தது. நோயாளிக்கு அறிவிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த உலகில் இடமிருக்கவில்லை.

மருத்துவ விஞ்ஞானமும் அக்காலத்தில் பெரிதாக ஒன்றும் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. 1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அகுஸ்டே என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோயிஸ் அல்சைமர். 1906இல் அப்பெண் இறந்த பிறகே அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அங்கே கண்ட படிவுகளையும் முறுக்குண்ட இழைகளையும் அல்சைமர் மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1910இல் கிரேப்பெலின் தமது நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார். அந்நாளில் நோயாளி இறந்த பின்னரே மூளை சாட்சி சொல்லிற்று. அதைக் கேட்க நோயாளி இல்லை. ஆகவே அவரிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வியும் எழவில்லை.

1971 அக்டோபர் முதலாம் நாள் இலண்டன் மருத்துவமனையொன்றில், கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த இயந்திரம் உயிருள்ள மனிதரின் மூளையை, மண்டையைத் திறவாமலே குறுக்குவெட்டாகப் படமெடுத்தது. கணினியால் கூட்டப்பட்ட இக்கதிர்ப்படத்தையே நாம் சீ.ரி. ஸ்கான் என்கிறோம். பின்னர் காந்தப்புலத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. இந்த நூற்றாண்டில் அமிலோயிட் என்னும் புரதப் படிவையே உயிருள்ள மூளையிற் காட்டும் முறையும் வந்துவிட்டது. அல்சைமர் இறந்தவரிடம் கண்டதை இன்று இருப்பவரிடமே காணலாம். படத்துக்குரியவர் எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். சொல்ல வேண்டிய கடமை அங்கேதான் பிறந்தது.

ஆனால் எந்த மொழியிற் சொல்வது? இக்கேள்விக்கு விடைகாண முயன்ற ஒருவரை நம் நாடு கண்டிருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியேறுவர், தமிழிற் கற்றவர்கள் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவருடைய கணிப்பு. தமிழ் மாணாக்கரின் துணையோடு "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "கெமிஸ்தம்" முதலிய நூல்கள் வெளிவந்தன. அவர் மதப்பணிக்காக வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மனித மூளையைத் தமிழில் விளக்க முடியும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டது.

ஆட்சியின் போக்கு வேறாக இருந்தது. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. பின்னர் பள்ளிக்கூடங்கள் தாய்மொழிக்குத் திரும்பின, மருத்துவக் கல்வி திரும்பவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. சட்டத்தில் மொழி ஏறியது. கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் உறைக்குள் இன்னும் ஏறவில்லை.

மொழி ஒருபுறமிருக்க, உண்மையைச் சொன்னால் நோயாளி தாங்குவாரா என்று கேட்போர் உண்டு. இதே வாதம் முன்பு புற்றுநோயைப் பற்றியும் எழுந்தது. 1961இல் சிக்காகோவில் வினாவப்பட்ட மருத்துவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் புற்றுநோயை நோயாளியிடம் கூறாமலிருப்பதையே விரும்பினர். 1979இல் அமெரிக்காவில் மீண்டும் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கூறுவதையே விரும்பினர். இப்பதினெட்டு ஆண்டுகளில் மனித இதயம் வலிமை பெற்றுவிடவில்லை. நோயாளியின் உரிமை பற்றிய சமுதாயத்தின் எண்ணமே மாறிற்று. 1996இல் அயர்லாந்தில் அல்சைமர் நோயாளரின் உறவினர் நூறு பேரிடம் கேட்டனர். நோயாளியிடம் சொல்லவேண்டாம் என்றோர் எண்பத்துமூவர். தமக்கு அந்நோய் வந்தால் தமக்குச் சொல்லவேண்டும் என்றோர் எழுபத்தொருவர்! தமக்கு வேண்டுவதை அன்பின் பெயரால் பிறருக்கு மறுக்கிறோம்.

படத்துக்கும் எல்லை உண்டு. அதையும் கூறாமல் விட்டால் அது பாதி உண்மையே. மூளையிற் கட்டி உண்டா, விழுந்ததனால் மண்டைக்குள் இரத்தம் கசிந்துள்ளதா, பக்கவாதத்தின் தழும்பு உண்டா என்பதைப் படம் காட்டும். நினைவுக்கு இன்றியமையாத பகுதி சுருங்கியிருப்பதையும் காட்டும். ஆனால் முதுமையிலும் மூளை ஓரளவு சுருங்கும். தைரொயிட் குறை, பீ பன்னிரண்டு உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியனவும் நினைவைக் குலைக்கும், அவற்றுக்கு மருந்துண்டு. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தபோது, நூறு வயதைத் தாண்டியும் தெளிந்த அறிவோடு வாழ்ந்து இறந்த ஒருவருடைய மூளையில் அந்நோயின் அடையாளங்கள் நிறைந்திருக்கக் கண்டனர். படம் வேறு, மனிதர் வேறு. வெள்ளவத்தை ஆசிரியரிடம் இதை ஒருவர் பத்து நிமிடம் அமர்ந்து கூறியிருந்தால் அந்த இரவு அத்தனை கொடியதாய் இருந்திராது.

இது சிலருடைய துன்பம் மட்டுமன்று. றாகமையில் நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. நமது நாடோ விரைந்து முதுமையடைகிறது. மருதானையில் இயங்கும் இலங்கை அல்சைமர் மன்றம் போன்ற தொண்டமைப்புகள் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஆனால் தொண்டு, அரசின் கடமைக்கு ஈடாகாது.

செய்யவேண்டியது பெரிதன்று. எதை அறிய விரும்புகிறீர், யார் உடனிருக்க விரும்புகிறீர் என்று படமெடுக்கும் முன்பே நோயாளியிடம் கேட்கவேண்டும். அறிய விரும்பாதவரின் விருப்பத்தையும் மதிக்கவேண்டும். முடிவை அவர் முகம் பார்த்து, அவர் மொழியில், படத்தைக் காட்டிச் சொல்லவேண்டும். சொன்னதைத் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். மறப்பவருக்கு ஒருமுறை சொன்னது போதாது. மீண்டும் ஒரு நாள் குறிக்கவேண்டும். வாட்டுத் தொழிலாளியை மொழிபெயர்ப்பாளராக்காது, பயின்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவேண்டும்.

ஏனெனில் இங்கே காலமே பொருள். காணி உறுதியில் யார் பெயர், ஓய்வூதியத்தை யார் எடுப்பது, கடைசி நாட்களில் யாரிடம் இருப்பது என்பவற்றை அந்த மனிதர் தாமே தீர்மானிக்கக்கூடிய காலம் சிறிது. உண்மையை மறைப்பவர் அக்காலத்தை அவரிடமிருந்து பறிக்கிறார். பின்னர் ஒருநாள், என்னவென்று அறியாத பத்திரத்தில் அவருடைய பெருவிரலைப் பிடித்து அழுத்துவார்கள்.

நினைவை நோய் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் எஞ்சியிருக்கும் உரிமையை நாம் எடுத்துக்கொள்ளாதிருப்போம்.